ருசி பார்க்காத கை

அம்பி சாமியைப் பற்றிச் சொல்ல உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்கலாம். திருத்தணியைச் சுற்றி எங்கே கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு நடந்தாலும் அண்டா, தவலை, கரண்டி எல்லாம் என் கடையிலிருந்துதான் போகின்றன. சிங்காரம் பாத்திர வாடகைக் கடை. பாத்திரத்தை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்கிற ஆள் இல்லை நான். அடுப்பு பற்றவைத்ததிலிருந்து கடைசிப் பந்தி எழுந்திருக்கும் வரை கொட்டகையிலேயே நிற்பேன். இல்லாவிட்டால் போன கரண்டியில் பாதிதான் திரும்பி வரும். அப்படி நின்று நின்று, கூடத்தில் பட்டும் பவுடருமாக உட்கார்ந்திருப்பவர்களைவிட அடுப்படியில் வேர்த்துக்கொண்டிருப்பவர்களைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும்.

அம்பி சாமி மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைப்பவர். அவர் அப்பாவும் அதையே செய்தார், அப்பாவின் அப்பாவும் அதையே செய்தார். ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். முறை வருகிற மாதங்களில் விடிவதற்குள் குளித்துவிட்டுப் படியேறிவிடுவார். முறை இல்லாத மாதங்களில் கீழே வீட்டோடு இருப்பார். தெருவில் நடந்தால் யாரையும் பார்க்க மாட்டார். யாராவது கும்பிட்டால் தலை லேசாக அசையும், அவ்வளவுதான். திமிர் பிடித்த ஆள் என்று சொல்பவர்கள் உண்டு. நல்லவர், ஆனால் கிட்டே போக முடியாது என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டும் ஒன்றுதான் என்பது என் கட்சி.

மடைப்பள்ளிக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. சுவாமிக்குப் படைப்பதற்கு முன்னால் எதையும் வாயில் வைக்கக் கூடாது. ருசி பார்ப்பது இருக்கட்டும், வாசனை பிடிப்பதே தப்பு. அதற்காகவே வாயையும் மூக்கையும் துண்டால் கட்டிக்கொண்டு சமைப்பார். உப்பு, புளி எல்லாம் கையளவுதான். அதே உருளி, அதே அடுப்பு, அதே கல் உப்பு, அதே கை. எதுவும் மாறாததால் ருசியும் மாறியதில்லை. வாங்குகிற ஜனமும் பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் சாப்பிடும். அதில் போய் உப்பு கூட, உறைப்பு கம்மி என்று பேச யாருக்கு மனசு வரும்?

ஒரு நாள் மழைக்கு என் கடையில் ஒதுங்கியவர், தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். "சிங்காரம், ஒரு ஆச சொல்றேன், சிரிக்காதே. மனுஷா உக்காந்து சாப்டறதுக்கு ஒரு தரமாவது பண்ணிப் பாக்கணும். எதுத்தாப்ல நின்னுண்டு பாக்கணும்."

"இன்னா சாமி, இதுக்கா ஆச? நாளைக்கே நான் ஏற்பாடு பண்றேன்."

"வேணாம், வேணாம். சரியா வரலேன்னா மானம் போயிடும்." மழை விடுவதற்கு முன்பே குடையில்லாமல் கிளம்பிப் போய்விட்டார். பிறகு எத்தனையோ முறை நானே கேட்டேன். ஒவ்வொரு முறையும் அதே பதில்தான்.

கடைசியில் அவரை அசைத்தது ஆதிகேசவன். ஆர்.கே.பேட்டைப் பக்கம் நிலம் வைத்துப் பயிரிடுகிறவர். கிருத்திகை தவறாமல் மலைக்கு வருவார், புளியோதரையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் கூட்டத்தில் அவரும் ஒருவர். ஒரே மகள் யுவஸ்ரீக்கு ஆந்திரப் பக்கம் நகரியில் மாப்பிள்ளை பார்த்து முடிவாகியிருந்தது. கல்யாணம் திருத்தணியில், தை மாதத்தில். நேரே அம்பி சாமி வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"எம் பொண்ணு கல்யாணத்துக்கு நீங்கதான் சாமி கை வெக்கணும். மாட்டேன்னு சொல்லாதீங்க."

அம்பி சாமி யோசிக்கவே இல்லையாம். சரி என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை என்று அவர் மனைவி சீதாலட்சுமி மாமி பிற்பாடு சொன்னாள். முறை இல்லாத மாதம், கேட்டவர் மரியாதையான மனிதர், மனசுக்குள்ளேயோ வெகுநாள் ஆசை. பயம் மட்டும் வேண்டாம் வேண்டாம் என்றது. பயத்தை மறைக்க மனிதர் இன்னும் விறைப்பாகிவிட்டார்.

கல்யாணத்தன்று கொட்டகைக்குள் அவர் நுழைந்த தோரணையைப் பார்க்க வேண்டுமே. உதவிக்கு வந்திருந்தவர்களில் மூத்தவன் தணிகாசலம். இந்த வட்டாரத்தில் அவன் கிண்டாத சாம்பார் கிடையாது. அவனே வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். யாரும் செருப்போடு வரக் கூடாது, வெற்றிலை போட்டவன் வெளியே போக வேண்டும், அனாவசியமாகப் பேசக் கூடாது. இவரும் வழக்கம்போலத் துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு வேலையை ஆரம்பித்தார்.

ஆதிகேசவன் வாங்கி வைத்திருந்த மளிகையில் உப்பு தூள் உப்பாக, பாக்கெட் பாக்கெட்டாக இருந்தது. அம்பி சாமி அதைப் பார்த்தார். உப்பு உப்புதானே என்று நினைத்துவிட்டார். மலையில் அள்ளுகிற அதே கணக்கில், கை நிறைய அள்ளி அள்ளிப் போட்டார். கல் உப்பை அள்ளினால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சந்து இருக்கும். தூள் உப்பு சந்தில்லாமல் கையை அடைத்துக்கொண்டு வரும். புளியோதரைக்கு அப்படி, சாம்பாருக்கு அப்படி, கூட்டுக்கும் ரசத்துக்கும் அப்படியே. தணிகாசலம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் பொறுக்க மாட்டாமல் கேட்டான்.

"சாமி, ஒரு சொட்டு வாயில வெச்சிப் பாத்துடட்டுங்களா?"

அம்பி சாமி திரும்பினார். துண்டை இறக்கினார். "சமையக்கட்டுல நின்னுண்டு வாயில வைக்கறேங்கறயே, வெக்கமா இல்ல உனக்கு? இது எந்தக் கைன்னு தெரியுமோல்லியோ?"

தணிகாசலம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அந்தக் கொட்டகையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

முதல் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார். இலை நிறைந்தது. அம்பி சாமி பாயசத் தூக்கைத் தன் கையாலேயே எடுத்துக்கொண்டு கொட்டகை வாசலுக்கு வந்து நின்றார். எதிரில் நின்று பார்க்க வேண்டும் என்றாரே, அதற்காகத்தான். கவளம் வாய்க்குப் போனது. சளசளவென்று இருந்த பந்தி சட்டென்று அடங்கிவிட்டது. இலையைப் பார்த்தார்கள், பக்கத்து இலையைப் பார்த்தார்கள், தண்ணீர் டம்ளரைத் தேடினார்கள். மாப்பிள்ளைக்கு அத்தை முறை ஒருத்தி, வள்ளிநாயகி என்று பெயர். நகரியில் அவள் சொல் தட்டாமல் ஒரு தெருவே நடக்கும் என்பார்கள். அவள்தான் வாயைத் திறந்தாள்.

"ஏண்டிதி, உப்பு கஷாயமா?"

யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்த மாதிரி மொத்தப் பந்தியும் சிரித்தது. தெலுங்கு தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு, இது என்ன உப்புக் கஷாயமா என்கிறாள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக இலையை மடித்தார்கள். பாதி சோறும் உள்ளேயே இருக்க மடித்த இலைகள். பாயசம் ஒன்றுதான் தப்பித்திருந்தது. அதை ஊற்றுவதற்கு இலைதான் இல்லை.

அம்பி சாமி தூக்கோடு அங்கேயே நின்றார். ஆதிகேசவன் ஓடிவந்து அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். உள்ளே தணிகாசலம் சாம்பாரை ஒரு விரலால் தொட்டு வாயில் வைத்து, மூலையில் போய்த் துப்பினான். துப்பியதை அம்பி சாமி பார்த்தார். அவருடைய சமையலை ஒருவன் துப்பி அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. முகம் ரத்தம் சுண்டிப் போய்ச் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது.

ஆதிகேசவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. ஓட்டலுக்கு ஆள் அனுப்பி அடுத்த பந்திக்குச் சோறு வரவழைத்துவிட்டு, தாம்பாளத்தில் வேட்டி துண்டு வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு வந்தார். "உங்க மேல தப்பில்ல சாமி. சாமிக்குப் பண்ற கைய, நம்ம வாய்க்கு ஆசப்பட்டு இட்டுகினு வந்தேன் பாருங்க, அது எந் தப்பு. அதுக்குத்தான் முருகன் காட்டிட்டான்." சொல்லிவிட்டு, காலில் விழுந்தார்.

விழுந்தவரைத் தூக்கக்கூடத் தெம்பில்லாமல் இவர் நின்றதை நான் பார்த்தேன். தாம்பாளத்தைத் தொடவில்லை. பின்பக்க வழியாக, சட்டியும் பானையும் தாண்டி, எச்சில் இலை கொட்டுகிற சந்து வழியாக வெளியே போனார்.

ஊர் சும்மா இருக்குமா? திருத்தணி சின்ன ஊர். சாயங்காலத்துக்குள் ஆட்டோ ஸ்டாண்டில் பேச்சு வந்துவிட்டது. டீக்கடையில் ஒருவன் "உப்பு சாமி" என்றான், அதுவே நிலைத்துவிட்டது. என்னையும் விட்டுவைக்கவில்லை. சிங்காரத்தின் அண்டாவில் பழைய உப்பு ஒட்டிக்கொண்டிருந்ததாம். என் அண்டாவை நாக்கால் நக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், அதற்கு மேல் நான் பேசுகிறேன் என்று அந்த டீக்கடையிலேயே கத்திவிட்டு வந்தேன்.

அம்பி சாமி தெருவில் நடப்பதையே விட்டுவிட்டார். முறை வந்தால் எல்லோரும் எழுந்திருப்பதற்கு முன் படியேறுவார், வெயில் தாழ்ந்து இருட்டின பிறகு இறங்குவார். கடைப்பக்கம் வரவில்லை. நானாக வீட்டுக்குப் போனால், "அவர் பூஜைல இருக்கார்" என்று மாமி சொல்வாள். அப்படி எந்நேரமும் பூஜை செய்கிற மனிதர் இல்லை அவர். மடைப்பள்ளியில் உப்பு அள்ளும்போதும் கை நடுவழியில் நின்றுவிடுகிறது என்று மாமியிடம் சொல்லியிருக்கிறார். இத்தனை வருஷம் நன்றாகத்தான் பண்ணினேனா, இல்லை பக்தியில் முழுங்கினார்களா என்று கேட்டாராம்.

ஆடிக் கிருத்திகை போய், புரட்டாசியும் பிறந்தது. ஒரு நாள் காலையில் ஆர்.கே.பேட்டை பஸ்ஸிலிருந்து இறங்கி ஆதிகேசவனின் மனைவி சுலோச்சனா என் கடைக்கு வந்தாள். கையில் ஒரு பையும் குடையும்.

"ஏண்ணா, அந்த சாமி வீட்டுக்கு என்ன இட்டுகினு போ. தனியா போனா பாக்க மாட்டாராம்."

போனோம். மாமி கதவைத் திறந்ததுமே சுலோச்சனா உள்ளே நுழைந்து, பூஜை அறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். இனி அவர் எங்கே போவார்? தலையைக் குனிந்தபடி வெளியே வந்து நின்றார்.

"யுவஸ்ரீக்கு ஐப்பசில வளகாப்பு சாமி. ஏழு வக சோறு கிளறணும், ரசமும் வெக்கணும். நீங்கதான் வரணும்."

அவர் தூணைப் பிடித்துக்கொண்டார். "என்னையா? அன்னிக்குப் பட்டது போறாதாம்மா? எத்தனையோ பேர் நன்னாப் பண்றா. நானே சொல்லி அனுப்பறேன்."

"நீங்க வெக்கப்பட்டுகினு உள்ளயே உக்காந்துக்கறீங்க. உங்களுக்கு ஒரு ரூம்பு இருக்குது. எம் பொண்ணு எங்க போயி ஒளிஞ்சிப்பா?" சுலோச்சனாவின் குரல் உயர்ந்தது. "நகரில ஒருத்தரும் அவள யுவஸ்ரீனு கூப்பிடறதில்ல சாமி. உப்பு கோடலுனு பேரு வெச்சிட்டாங்க. புருசனத் தவிர அத்தன பேரும் அப்படித்தான். அந்த வள்ளிநாயகியம்மா தண்ணி கேக்கறதுன்னாலும், ஏ உப்பு கோடலா, தண்ணி கொண்டானுதான் கேக்குது. சிரிச்சிகினே கேக்குது. எம் பொண்ணும் சிரிச்சிகினே குடுக்குது. என்கிட்ட வந்து அழுவுது."

கோடலு என்றால் மருமகள். எங்கள் ஊரில் யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. அம்பி சாமிக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தூணைப் பிடித்திருந்த கை நழுவியது. தன் மானம் போனது என்று இத்தனை மாதம் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாரே தவிர, அந்தச் சிரிப்பை ஒரு சின்னப் பெண் தினமும் தன் பேரில் வாங்கிக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வெட்கத்தில் முகத்தை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தார்.

"வேற ஆள வெச்சா அன்னிக்கி கெட்டது கெட்டதாவே நின்னுபூடும்," என்றாள் சுலோச்சனா. "அதே கை, அதே ஜனத்துக்குப் பண்ணிப் போட்டாத்தான் அந்தப் பேரு போவும்."

"மறுபடியும் தப்பாயிடுத்துன்னா? அப்பறம் அந்தப் பொண்ணு கதி?"

"எனக்கும் அந்த பயந்தான். பயமில்லாமயா வந்து கேட்டுகினு இருக்கறேன்?"

காபி கொடுத்தாள் மாமி. சுலோச்சனா குடித்தாள். இவர் மட்டும் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் எழுந்து போகும்போது, "யோசிச்சி சொல்லுங்க, நான் அடுப்பு தோண்ட ஆள் சொல்லிட்டேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அவள் போன பிறகு சீதாலட்சுமி மாமி சமையலறையிலிருந்து கேட்டாள். "போகப் போறேளா இல்லையா?"

"எப்படிடி போவேன்? அங்க போனா ருசி பாத்தாகணும். அடுப்பு மேல இருக்கறத வாயில வெச்சா அது எச்சில். என்னால முடியாது. பாக்காம பண்ணினா என்ன ஆச்சுன்னு ஊருக்கே தெரியும்."

"நான் தெனமும் உள்ளங்கைல ஒரு சொட்டு விட்டுண்டு பாத்துட்டுத்தானே உங்களுக்குப் போடறேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீங்க சாப்டதெல்லாம் எச்சிலா அப்போ?"

அவர் மாமியையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாக அடுத்த அறையில் என்ன நடக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது போல இருந்தது. நான் மெதுவாக நழுவிவிட்டேன். புருஷன் பெண்டாட்டி பேச்சில் வாடகைப் பாத்திரக்காரனுக்கு என்ன வேலை? மறுநாள் காலையில் அவரே என் கடை வாசலில் வந்து நின்று, எந்த அளவு தவலை வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். என் முகத்தைப் பார்க்காமலேதான் சொன்னார்.

வளைகாப்பு ஆதிகேசவன் வீட்டிலேயே நடந்தது. வாசலை அடைத்துப் பந்தல். கிணற்றடிப் பக்கம் அடுப்புக் கொட்டகை. நகரியிலிருந்து ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள், வள்ளிநாயகியும் இறங்கினாள். அம்பி சாமியைப் பார்த்ததும் ஒருத்தி காதில் ஒருத்தி என்னவோ சொன்னாள். கொஞ்ச நேரத்தில் பந்தல் முழுக்க அந்தச் சிரிப்பு. அவர் காதில் விழாமல் இருக்குமா? கிணற்றடியில் பத்து தரம் கை கழுவினார்.

இந்தத் தடவை கல் உப்பைத் தன் வீட்டிலிருந்தே துணியில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். தணிகாசலத்தைத்தான் மறுபடியும் கூப்பிட்டிருந்தேன். அவனைப் பார்த்ததும் அம்பி சாமி ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் வெங்காயத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சமையல் நடந்தது. உப்பு போடும் நேரம் வந்தது. அள்ளினார், அள்ளியதில் பாதியைத் திரும்பத் துணியில் கொட்டினார். மறுபடி அள்ளினார், மறுபடி கொட்டினார்.

புளியோதரை கிளறியாகிவிட்டது. கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். கை மேலே போனது, வாய்க்கிட்டே நின்றது, இறங்கியது. வேர்த்துக் கொட்டியது அவருக்கு. பிறகு கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டார், மருந்து சாப்பிடுகிற குழந்தை மாதிரி.

மென்றார். முழுங்கினார். நாங்கள் காத்திருந்தோம்.

"எப்படி சாமி?" என்றேன்.

"தெரியலையே சிங்காரம்," என்றார். "நாக்கு பூரா பொசுங்கிடுத்து. சூடுதான் தெரியறது. சரியா இருக்கா இல்லையான்னு ஒண்ணும் புரியலை. பாத்துப் பழக்கமே இல்லையே."

எல்லாம் செய்து, கடைசிப் படியில் இப்படி நின்றால் என்ன செய்வது? தணிகாசலம் இருக்கிறானே, அவனைப் பார்க்கச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது. தணிகாசலம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனாகக் கேட்க மாட்டான், ஒரு தடவை பட்டவன். அம்பி சாமி அவனிடம் போய் நின்றார். "நீ பாரு" என்றார். தணிகாசலம் பார்த்தான். "நல்லாத்தான் சாமி இருக்குது" என்றான். அவன் சொன்ன வேகத்திலேயே அது நிஜமில்லை என்று தெரிந்தது. தெரிந்தது எனக்கு மட்டுமல்ல.

அம்பி சாமி ஒரு இலைத்துண்டில் புளியோதரையை வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நேரே பந்தலுக்குள். நான் பின்னாலேயே ஓடினேன். நாற்காலியில் யுவஸ்ரீ நிறை வயிறாக, இரண்டு கையிலும் வளையலோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சந்தனக் கிண்ணத்தோடு வள்ளிநாயகி. பந்தல் நிறையப் பெண்கள். இவர் நடுவில் போய் நின்றதும் பேச்சு நின்றது. வாய்க்கட்டுத் துண்டு கழுத்தில் தொங்கியது, வேட்டியில் கரி.

"அம்மா, உப்பு சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லணும்," என்று அந்தப் பெண்ணிடம் இலையை நீட்டினார். "எனக்குப் பாக்கத் தெரியலை."

அவ்வளவு பேர் நடுவில் இதைச் சொன்னார். எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் காது மடல் சிவந்து போயிற்று, நீட்டிய கையை மட்டும் எடுக்கவில்லை.

யுவஸ்ரீ வாயில் போட்டுக்கொண்டாள். அம்மாவைப் பார்த்தாள், வள்ளிநாயகியைப் பார்த்தாள். "கம்மியா இருக்குதுங்க சாமி."

பந்தல் சிரிப்பில் குலுங்கியது. அன்றைக்கு அது, இன்றைக்கு இது! வள்ளிநாயகி சந்தனக் கையைத் தலையில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அம்பி சாமி சரி என்று தலையாட்டிவிட்டுக் கொட்டகைக்குப் போனார். உப்பைப் போட்டுக் கிளறினார், மறுபடி இலைத்துண்டோடு வந்தார். "இன்னும் ஒரு கல்லு போடலாம்" என்றாள் யுவஸ்ரீ. இந்தத் தடவை சிரித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மூன்றாம் தடவை அவர் வந்தபோது பெண்கள் நகர்ந்து வழிவிட்டார்கள். அவள் சாப்பிடுவதை எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"ஆங், இப்ப சரி சாமி. நல்லா இருக்குது."

அவர் திரும்பப் போனார். அவள் கூப்பிட்டாள். "சாமி, ஒண்ணு சொல்லட்டுங்களா? கோச்சிக்காதீங்க." பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்கிற அளவுக்குத்தான் பேசினாள். "கல்யாணத்தன்னிக்கி காலைலயே அம்மா எனக்கு ஒரு கிண்ணத்துல புளிசோறு குடுத்துச்சி. வாயில வெச்சவுடனே உப்புனு தெரிஞ்சிபோச்சி. பந்திக்கி இன்னும் நேரம் இருந்திச்சி. உங்ககிட்ட வந்து சொல்ல பயமா இருந்திச்சி. முழுங்கிட்டு சும்மா இருந்துட்டேன்."

அம்பி சாமி திரும்பி வந்து அவள் எதிரில் நின்றார். சமையல் கெட்டதற்கு வெட்கப்பட்டு வெட்கப்பட்டு முக்கால் வருஷத்தை ஓட்டியிருந்தார். இது வேறு வெட்கம். வெந்துகொண்டிருக்கும்போதே ஒருவனுக்குச் சந்தேகம் வந்திருந்தது, சாப்பிட்ட மணப்பெண்ணுக்குத் தெரிந்திருந்தது, நேரமும் இருந்திருக்கிறது. சொல்லத்தான் ஒருவருக்கும் தைரியம் இல்லை. இந்த மனிதரிடம் போய்க் குறை சொல்ல முடியாது என்று எல்லோரும் விலகி நின்றிருக்கிறார்கள். அதை அவர் மரியாதை என்று இத்தனை காலம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"தப்பு உன்னோடதில்லம்மா," என்றார்.

கொட்டகைக்கு வந்தவர் தணிகாசலத்தின் கையில் கரண்டியைக் கொடுத்தார். "மத்த ஆறையும் நீ பாரு. நிஜத்தச் சொல்லு. அன்னிக்கு உன்னைப் பேசினது தப்பு." தணிகாசலம் ஒவ்வொன்றாகப் பார்த்தான். எலுமிச்சை சாதம் சரி, தேங்காய் சாதத்துக்குக் கொஞ்சம் உப்பு, சாம்பார் சாதத்துக்குக் கொஞ்சம் புளி. சொல்லச் சொல்ல அவர் போட்டுக்கொண்டே வந்தார்.

பந்தி உட்கார்ந்தது. வள்ளிநாயகி புளியோதரையை முதலில் ஓரமாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சாப்பிட்டாள். பிறகு இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டாள். வாயைத் திறந்து நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவளுக்கு நாலு நாள் காய்ச்சல் வரும், அதனால் சொல்லவில்லை. ஆனால் பாதிச் சாப்பாட்டில் தலையைத் தூக்கி, நாற்காலிப் பக்கம் பார்த்துக் கத்தினாள்.

"யுவஸ்ரீ! நுவ்வு கூட வச்சி தினவே!"

நீயும் வந்து சாப்பிடு என்றாள். பேர் சொல்லித்தான் கூப்பிட்டாள். கதவோரம் நின்ற சுலோச்சனா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தேன். அம்பி சாமி அங்கே இல்லை. பந்தியில் இருந்தார். முதல் இலைக்கு எதிரில் குனிந்து நின்று, "என்ன குறைன்னு சொல்லுங்கோ" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெரியவர் ஒன்றுமில்லை என்று கையசைத்தார். அடுத்த இலையிலும் அப்படியே. மூன்றாவது இலையில் ஒரு கிராமத்து ஆள், என் அப்பா வயசு, மூடி மறைக்கத் தெரியாதவர். "ரசத்துல புளி ஜாஸ்தி சாமி. தொண்ட கரகரங்குது" என்றார். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் அவர் தொடையில் இடித்தார்கள்.

"ஆமாம், இருக்கும்," என்றார் அம்பி சாமி. முகம் சுண்டித்தான் போயிற்று. ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்தார். அப்புறம் அடுத்த இலைக்குப் போய்க் குனிந்தார்.